புதிதாகத் தொடங்கவா?

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை அன்று, தஞ்சாவூரை அடுத்த ஒரு தனியார் நெல் ஆய்வு மையத்தில், சர்வரிலிருந்த ஆறு ஹார்டு டிஸ்க்குகளும் உருவப்பட்டு, துடைக்கப்பட்டு, சந்தனம் குங்குமம் இடப்பட்டு, திரும்பச் செருகப்பட்டன.

திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பிய ஆய்வு மாணவி கனிமொழி சர்வரைத் திறந்தபோது அவளுடைய ஃபோல்டர் இல்லை. ஐந்து சம்பா பருவங்கள் சேற்றில் நின்று எண்ணிய நெல் தூர்களும், எடைபோட்ட மணிகளும் அதில்தான் இருந்தன. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே பாக்கி. பேக்கப் இல்லாமல் இல்லை. அதே சர்வரில், ‘பேக்கப்’ என்ற ஃபோல்டரில் இருந்தது.

அழிந்த தரவுகளை மீட்டுத் தரும் நௌஷாத் திருச்சியிலிருந்து வந்து டிஸ்க்குகளைப் புரட்டிப் பார்த்தார்.

“மேல நம்பர் எழுதியிருப்பாங்களே?”

“அந்த மார்க்கர் கறைங்களா?” என்றார் அலுவலக உதவியாளர் பக்கிரி. “தேங்கா எண்ணெய் தொட்டுத் தேச்சேன். லேசுல போகலிங்க.”

“திருப்பி எந்த வரிசைல வச்சீங்க?”

“கறுப்பு ரெண்டு, மிச்சம் நாலும் சாம்பல். கறுப்பு மூணாவதுலயும் அஞ்சாவதுலயும் பல்லு விழுந்தாப்ல இருந்துச்சு. நல்லால்லன்னு ஒண்ணா சேத்துட்டேன்.”

நௌஷாத் சிரித்துவிட்டார். “நல்ல வேளை, அதை ஞாபகம் வச்சிருக்கீங்கண்ணே. பழைய வரிசைல இருந்தாத்தான் படிக்க முடியும், ஆறையும் எழுநூத்தி இருபது விதமா அடுக்கலாம். இப்ப நாப்பத்தெட்டுதான் பாக்கணும்.”

பக்கிரி கனிமொழியைப் பார்த்தார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், “சர்வர்ல ஒரே தூசிண்ணே, ஒண்ணு விடாம துடைச்சிடுங்க” என்று சொன்னவள் அவள்தான். அவள் சந்தனப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரிசை மாறினதுக்கு மட்டும் இப்படிக் காலியாக் காட்டியிருக்காதே,” என்றார் நௌஷாத். “யாராச்சும் எதையாச்சும் அமுக்கினீங்களா?”

“நான்தான் தம்பி,” என்றார் இயக்குநர் சாரங்கபாணி. “விஜயதசமி காலைல சர்வரைப் போட்டேன். புதுசா ஆரம்பிக்கவான்னு கேட்டுச்சு. அன்னிக்குப் போயி வேணாம்னு சொல்ல முடியுமா?”

“கீழ இன்னொரு வரி இருந்திருக்குமே, சார்?”

“இருந்திருக்கும். மேல் வரியே மங்களகரமா இருந்துச்சு.”

“அப்புறம்?”

“ஜம்முனு ஆரம்பிச்சுது. பூஜை போட்டோ நானூறு ஏத்தினேன். சுண்டல் குடுத்த வீடியோவும்.”

கனிமொழி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

நௌஷாத் ஆறு டிஸ்க்குகளையும் நகலெடுத்து, நகல்களை மாற்றி மாற்றி அடுக்கினார். ஐந்தாம் நாள், முப்பத்தொன்றாவது அடுக்கில் ஃபோல்டர்கள் திறந்தன.

“பூஜை போட்டோ பத்திரமா இருக்குல்ல?” என்றார் சாரங்கபாணி.

“அதுக்கு ஒண்ணும் ஆகல, சார். அது மேல யாரும் எதையும் எழுதலையே.”

நான்கு சம்பாக்களின் கணக்கு முழுதாகக் கிடைத்தது. ஐந்தாவது இருந்த இடத்தில் நானூறு படங்களும் சுண்டல் வீடியோவும் பதிந்திருந்தன. கனிமொழி நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள், ஓராண்டு கிடைத்தது. ஐப்பசி பத்தாம் தேதி, மையத்து வயலில் ஐந்தாவது பருவத்துக்கு மறுபடியும் நடவு நடந்தது.