ஈமு பாட்டிலுக்குப் பிடித்த நோய்

மெர்வ் டிரெகியரின் நெஞ்சில் இருந்த சுரங்கத் தூசி 1979இல் ஒரு சோடா பாட்டிலுக்குள் குடிபோனது. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான வாட்டில் கேப்பில் அந்த வருடம் ஆட்டிறைச்சி விலையும் ஏறியிருந்தது.

மெர்வ் முப்பத்தொரு வருடம் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனாலும் மண்வெட்டியை விடவில்லை. கூட்டாளி நெவில் பாஸ்கோவோடு, பழைய பாட்டில் தேடி, இடிந்த ஹோட்டலின் பின்னால் பழைய கக்கூஸ் குழிகளை இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார். அந்தக் காலத்தில் காலி பாட்டில்களை அங்கேதான் போட்டார்கள். கம்பி கல்லில் பட்டால் கரகரக்கும், கண்ணாடியில் பட்டால் கிணுங்கும். ஆறடி ஆழத்தில் ஒன்று கிணுங்கியது. தேன் நிறம், கழுத்தில் கோலி, வயிற்றில் ஈமு பறவை முத்திரை. அந்த சோடா கம்பெனி ஒரே கோடையில் மூடிப்போனதால் அதன் பாட்டில் அபூர்வம். மதிப்பிட வந்த ஹெல்லியர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மூவாயிரம் டாலருக்குப் போகும்" என்றார். மார்ச் மாதப் பாட்டில் கண்காட்சி வரைக்கும் இருக்கட்டும் என்று மெர்வ் அதைக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தார்.

அவர் இருமும்போதெல்லாம் கோலி தானாக உருண்டது, கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்தது. பாட்டில் மங்க மங்க அவருக்கு மூச்சு நீண்டது. கிறிஸ்துமஸ் வந்து போனது. பிப்ரவரியில் புல்வெளிக்குப் போய், ஊர்க் கிழவர்கள் ஆடும் பந்து உருட்டும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஹெல்லியர் மறுபடி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணாடிக்கு நோய் புடிச்சிருச்சு. நாப்பது டாலர்கூடத் தேறாது."

"யாருக்குப் புடிச்சா என்ன, இந்த மனுசன விட்டுச்சே, அது போதும்" என்றாள் மெர்வின் மனைவி டல்சி.

மூவாயிரம் போகிறதே என்று நெவிலுக்கு மனசு கேட்கவில்லை. கண்காட்சியில் பெயர் பதியவேண்டும் என்று சொல்லி பாட்டிலை வாங்கிப்போனான். நோய் பிடித்த கண்ணாடிக்கு எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தான்: நறுக்கிய செம்புக் கம்பி, மெருகுப் பொடி, தண்ணீர், எல்லாவற்றோடும் உருளையில் போட்டு ஐந்து நாள் சுற்றவிட்டான். இரண்டாம் நாள் மெர்வ் புல்வெளியில் விழுந்தார். ஐந்தாம் நாள் உதடு நீலம்.

"பாத்தியா கெழவா, நேத்து ஊதுன மாதிரி இருக்கு!" என்று நெவில் பளபளக்கும் பாட்டிலோடு வந்து நின்றான். மெர்வுக்குத் திட்டக்கூட மூச்சில்லை. டல்சி பாட்டிலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அட மடையா, அவரு சீக்கையா கழுவிட்டு வந்திருக்க? அந்தத் தண்ணிய எங்க ஊத்துன?"

ஊற்றவில்லை. செம்புத் துண்டை அரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தாத கஞ்சன் எங்கள் ஊரில் இல்லை. தண்ணீர் வாளியில் அப்படியே தெளிந்து கிடந்தது. நெவில் ஓடிப்போய் அடியில் இருந்த சாம்பல் நிற வண்டலை வழித்துவந்து பாட்டிலுக்குள் ஊற்றி, துணியால் வாயை அடைத்தான். மூன்றாம் நாள் பாட்டில் மங்கியது. நான்காம் நாள் மெர்வ் சாப்பிட இறைச்சி அடைத்த அப்பம் கேட்டார்.

கண்காட்சியில் ஹெல்லியர் இரண்டு டாலர் என்று சீட்டு ஒட்டினார். நெவில் அதே குழியில் இன்னும் பதினொரு ஈமு பாட்டில்களை எடுத்து, இருமுகிற பழைய சுரங்கக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தான்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. மெல்போர்னிலிருந்து வரும் வியாபாரிகள் டல்சியின் ஜன்னலைப் பார்த்ததும் இலவசமாகவே மெருகேற்றித் தருகிறோம் என்பார்கள்.

"வேணாம்பா, கைய எடு. அவரு பந்து உருட்டப் போயிருக்காரு, சாப்பாட்டுக்கு வரணும்" என்று சொல்லி அவள் டீ போடப் போவாள்.