அப்பாவின் கணக்கு

கணினியில் பிரவுசரைத் திறந்தாலே ஒரு சூதாட்டப் பக்கம் வந்து நின்றது. ஐரின் அக்காவின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்தை அப்பா இந்தக் கணினியில்தான் இன்று கட்ட வேண்டும். பிரவுசருக்குள் ஒட்டியிருந்த, எங்கிருந்து வந்ததென்று தெரியாத எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலை நீக்கினேன், பக்கம் போனது. அப்பா பிரவுசரில் தன் மெயில் கணக்கைப் போட்டு நுழைந்ததும் இரண்டும் திரும்ப வந்தன. இதே கணக்கு திறந்திருக்கும் வேறு ஏதோ கணினியில் சேர்ந்தது, கணக்கோடுதான் இங்கே வருகிறது.

“இந்தக் கணக்கு வேற எங்க இருக்கு, அப்பா?”

“சவேரியார்பாளையத்துல பாதி லேப்டாப்புல இருக்கும். ரிசல்ட் பாக்கணும், டிக்கெட் போடணும்னு பிள்ளைக வந்தாக, பாஸ்வேர்டு குடுத்தேன். எல்லாம் நம்ம சனந்தான், ஆத்தா.”

“பேங்க் பாஸ்வேர்டையும் இதுலயே சேவ் பண்ணி வச்சிருக்கீங்களா?”

அவர் ஆமென்று தலையாட்டினார். மேசைமேல் அவர் போன் அதிர்ந்தது. திரையில் வங்கியின் பெயர், கீழே பணம் எடுக்கப்பட்டதாக ஒரு செய்தி. பிறகு அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.