வாயசைப்பு

அஞ்சலா ரீச்சருக்கு ஐம்பத்தாறு வயது. கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாயின் தேவாலயத் திருநாள் நாடகத்தில், மகனைப் பறிகொடுக்கும் அரசியாக இருபத்திரண்டு வருடம் பாடி நடித்தவள். அந்த வேடத்தை இன்னொருத்தி கட்டுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் நடிப்புப் பழக்குவாள். வறுத்தெடுப்பாள் என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

அதிகம் வறுபட்டவள் ஜெனிற்றா. முகவெட்டான பிள்ளை, குரல்தான் கரகரப்பு. முதல் நாளே எல்லார் முன்னாலும் ரீச்சர் சொல்லிவிட்டாள்.

“நீ பாடாத. வாயை மட்டும் அசை. உன்ர குரலைக் கேட்டா காகமும் எழும்பிப் போயிடும்.”

இரண்டு வருடமாக ஜெனிற்றா வாயை மட்டுமே அசைத்தாள். ரீச்சர் மூச்சு எடுக்கும் இடம்கூட அவளுக்குத் தப்பாது.

இந்த வருடம் நாடகத்தைப் பொறுப்பெடுத்த கொன்ஸ்ரன்ரைன், ரீச்சர் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தான். நாடகம் வெளிநாட்டுக்கெல்லாம் நேரடி ஒளிபரப்பாகப் போகிறதாம், கமரா முகத்துக்குக் கிட்ட வருமாம் என்று சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்தைப் போட்டுடைத்தான்.

“குரலுக்கு உங்களை விட்டா ஆளில்லை அக்கா. நீங்கள் பிற்பாட்டோட நிண்டு பாடுங்கோ. ஜெனிற்றா முன்னால வாயசைப்பாள். நீங்கள்தானே அதை நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறியள்.”

நடிகர் பாடிய அடியைத் திருப்பிப் பாடுகிற கூட்டம்தான் பிற்பாட்டு.  இவர்களோடு ரீச்சரையும் பக்கத்துத் திரைக்குள் நிறுத்திவிட்டால் ஊருக்கு ஒன்றும் தெரியாது.  ரீச்சர் ஓம் என்றாள். என்ன செய்யப்போகிறாள் என்பதை அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டாள்.

திருநாள் மாலை கோயில் வளவு நிறையச் சனம். ஜெனிற்றாவின் மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள். திரைக்குள் ரீச்சர் பாடினாள். ஒரு பிசிறில்லை. வெளியே ஜெனிற்றா அசைத்த வாய்க்கும் அந்தக் குரலுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. ரீச்சருக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஒப்பாரி வந்தது. செத்த மகனை மடியில் கிடத்தி அரசி பாடும் பாட்டு. முதல் அடியைப் பாடிய ரீச்சர், இரண்டாம் அடியில் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் பாடாமல் மற்றவர்கள் எதைத் திருப்புவது? மத்தளம் மட்டும் தனியே அடித்துக்கொண்டிருந்தது. ஜெனிற்றாவின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரீச்சருக்கு மனம் குளிர்ந்தது.

ஜெனிற்றா திரைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மகனின் தலையை இறக்கி வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமலே பாடத் தொடங்கினாள். குரல் கரகரத்தது, உடைந்தது, மேலே ஏறமாட்டாமல் பாதியில் அறுந்தது. சிரிப்பு நின்றது. சனம் காதைக் கொடுத்துக் கேட்டது. இந்தக் கரையில் மகனைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திகூடச் சுருதி சேர்த்து அழுததில்லை, இப்படித்தான் அழுதார்கள். ஒருத்தி விம்மினாள். அவளைப் பார்த்து மற்றவளும் விம்ம, வளவு முழுவதும் அழுதது.

நாடகம் முடிய, முன்வரிசையில் இருந்த செபஸ்தியம்மா ஈரக் கண்ணோடு வந்து ரீச்சரின் கையைப் பிடித்தாள். அவளுடைய மகன் கடலுக்குப் போய் வராதவன்.

“முதல் பாதிக்கு உங்கட பழைய ரெக்கோடிங்கைப் போட்டவங்கள் போல, ரீச்சர். வடிவான பாட்டுத்தான், ஆனா மனசில ஒட்டேல்லை. கடைசியில பிள்ளை தன்ர குரலில அழுதாள் பாருங்கோ, அதுதான் அழுகை.”

அது நான் இப்போது பாடியது என்று சொல்ல ரீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி வரும். விழுங்கிக்கொண்டாள்.

ஜெனிற்றா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். குரல் அடைத்திருந்தது. முகத்தில் கோபமே இல்லை.

“அடுத்த வருசம் பிற்பாட்டுக்கு நீங்கள் வரத் தேவையில்லை, ரீச்சர்” என்றாள். “முன்னால கதிரை போட்டு விடுறம். இருந்து பாருங்கோ.”