ரிவ்யூ செய்தவர்: பெங் சியூயின்

மதியம் ஒன்றேகால். சின்சூ நகரில் ஒரு சிப் கம்பெனியில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரத் தூக்கம் அங்கே சம்பளத்தைவிடப் புனிதமானது. பெங் சியூயின் மட்டும் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு புதுச் சிப்புக்கான டிரைவர் நிரலைப் படித்துக்கொண்டிருந்தாள். மின்ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது காவல் இருக்கிற சிப் அது. பேட்டரி எவ்வளவு சூடு என்று சிப்பிடம் கேட்டு இயங்குதளத்துக்குச் சொல்வதுதான் நிரலின் வேலை. சூடு மிஞ்சினால் சார்ஜ் நிற்கும். கம்பசூத்திரம் ஒன்றுமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் நின்றாள். சிப் பதில் சொல்லாவிட்டால் இருபத்தைந்து டிகிரி என்று சொல்லிவிடு என்று எழுதியிருந்தது. பதில் வரவில்லையென்றால் வரவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வயர் கழன்று, சிப் செத்து, பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தாலும் இது பாட்டுக்கு இருபத்தைந்து, இருபத்தைந்து என்று ஓதிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: சோதனையில் தேறுவதற்காக. கர்மம். சோதனை மேசைமேல் இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ள வேண்டுமென்று பச்சை நிறத் தேங்காய் நொறுக்குப் பொட்டலம் ஒன்றைப் பயபக்தியோடு வைத்திருக்கிறார்கள். அதைக் காலாவதி தேதி பார்த்து மாற்றுகிற அக்கறையில் பாதியை நிரலில் காட்டியிருக்கலாம்.

எழுதியது ஃபான் குவோலின், அவளுடைய மேலாளர். திருத்தச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தை மேலே தள்ளினாள். அங்கே, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருந்தது: ரிவ்யூ செய்தவர், பெங் சியூயின். காலை ஒன்பதரைக்கே, இயங்குதளத்தைச் சேர்ந்து எழுதுகிறவர்கள் உலகம் முழுக்கப் படிக்கிற பொதுமடலுக்கு நிரல் போய்விட்டிருந்தது. அவள் அதைத் திறந்ததே பன்னிரண்டரைக்குத்தான்.

பன்னிரண்டு வருஷமாக அந்த மடலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேயிராத ஆட்கள், ஜெர்மனியிலும் பிரேசிலிலும் இருப்பவர்கள், 'பெங் பார்த்தாச்சா, அப்ப சரி' என்று நிரலை வாங்கி இயங்குதளத்தில் போட்டுக்கொள்வார்கள். சம்பளம் கம்பெனி கொடுத்தது. அந்தப் பெயரை அவளே சேர்த்தாள். அதைப் போய், கழிப்பறைக் காகிதம் மாதிரி உருவி எடுத்து உபயோகித்திருக்கிறார்கள்.

விளக்கு எரிந்தது. குட்டித் தலையணையின் தையல் கன்னத்தில் பதிந்திருக்க ஃபான் தேநீர்க் குவளையோடு நடந்து வந்தார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன ஃபான் அண்ணே?"

அவர் எட்டிப் பார்த்தார். "அட, அதுவா. ஞாயித்துக்கிழமையோட இந்தத் தடவை புது நிரல் வாங்கறத நிறுத்தி வாசலச் சாத்திடுவாங்க. ரிவ்யூ பண்ணவங்க பேரு ஒண்ணாவது இருந்தாத்தான் திரும்பிப் பாப்பாங்க. நீ எப்படியும் சரின்னுதானே சொல்லப்போற?"

"நான் படிக்கவே இல்லியே."

"இப்பப் படிச்சிட்டேல்ல?" கொட்டாவி விட்டார். "பெரிய பத்தினி மாதிரி பேசாத சியூயின். எல்லா கம்பெனிலயும் நடக்கறதுதான்."

"இருநூத்திப் பன்னண்டாவது வரி வண்டியக் கொளுத்தும். எம் பேர எடுக்கச் சொல்லி மடல்ல எழுதப்போறேன்."

ஃபானின் தூக்கம் கலைந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எழுதினா இந்த ஆபீஸ்ல உனக்கு நாற்காலி இருக்காது, என்னாலயும் காப்பாத்த முடியாது. கம்பெனி பேரே நாறிடும்."

"இப்பவே நாத்தம் தாங்கல."

"ஓகோ." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "அந்த வரி நான் எழுதினதுன்னா நெனச்ச? பழைய சிப்போட நிரல்லேர்ந்து அப்படியே தூக்கினது. மூணு வருஷமா ரோட்ல ஓடுது, ஒரு வண்டியும் கொளுத்திக்கல. அதுக்கு யாரு சரி சொன்னாங்கன்னு போய்ப் பாத்துட்டு அப்புறம் லெட்டர் எழுது."

குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய நிரலைத் தேடித் திறக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே வரி, அதே இருபத்தைந்து. ரிவ்யூ செய்தவர், பெங் சியூயின். அதுவும் யாரோ போட்டதாகத்தான் இருக்கும் என்று அந்த நாளின் மடலை எடுத்துப் பார்த்தாள். இல்லை. அவள் முகவரியிலிருந்து அவளே அனுப்பியது. நிரல் வந்தது மதியம் ஒன்று பதினொன்றுக்கு. 'நன்றாக இருக்கிறது' என்று அவள் பதில் போட்டது ஒன்று இருபதுக்கு. ஆயிரத்து நானூறு வரிகளை ஒன்பது நிமிஷத்தில். அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், என்ன அவசரம், எதுவுமே நினைவில் இல்லை. தூங்கப் போகும் அவசரமாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்குத் தன்மேலேயே சீ என்றாகிவிட்டது. ஃபான் திருடிய பெயர் அப்படியொன்றும் சுத்தமானதாக இருக்கவில்லை.

மாலை நான்கு மணிவரை வேறு எதையும் தொடவில்லை. அழித்து அழித்து எழுதியதில் கடைசியாக நாலு வரிதான் மிஞ்சியது. புது நிரலை நான் ரிவ்யூ செய்யவில்லை, என் பெயரை நீக்குங்கள். பழைய நிரலுக்கு நான்தான் சரி சொன்னேன், அப்போது நான் அதைப் படிக்கவில்லை. அதே வரி அதிலும் இருக்கிறது, ஆபத்தானது. நான் சரி சொன்ன மற்றவற்றையும் யாராவது திரும்பப் பாருங்கள். மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடி அறைக்குள் ஃபானின் கைபேசி உடனே அடிக்கத் தொடங்கியது.

கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் சுவரோரமாக ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. ஊழியர்களுக்கென்று தள்ளுபடியில் கொடுத்தவை, எல்லாவற்றிலும் பழைய சிப். சியூயின் முதல் வண்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு அடுத்தது. ஆறாவதில் இருக்கும்போது காவலர் வாங் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"மேடம், உங்களுக்கு வண்டியே கெடையாதே. எதுக்கு ஊரு வண்டியெல்லாம் புடுங்கறீங்க?"

"பேட்டரி சூடாச்சுன்னா நிக்காதுண்ணே. எரிஞ்சிடும்."

"யாரு சொன்னா? ரெண்டு வருஷமா எம் வண்டிய இங்கதான் போடறேன். எல்லாம் செக் பண்ணித்தான குடுத்திருக்காங்க?"

"செக் பண்ணது நான்தாண்ணே. பாக்காமயே சரின்னு சொல்லிட்டேன்."

வாங் அவளை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றாள். திட்டவில்லை. அவர் பாட்டுக்கு வரிசையின் கடைசிக்கு நடந்து போனார். குழந்தை இருக்கை மாட்டிய தன் நீல வண்டியின் முன்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்கி, எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.