மயிரிழைத் தாமதம்

1
இந்தக் கதை ஒட்டுக்கேட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக் கீபோர்டுக்காரர் ஒரே தாளத்தை மூன்று நாள் விடாமல் ஓட்டியதில் எனக்குக் காது புளித்துப்போனது. சுவர் வழியாகக் கேட்டது பாதி. மீதி என் கைச்சரக்கு.

2
தொடக்கம் (அ): இசை என்பது மனிதனின்—

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

தொடக்கம் (ஆ): சனிக்கிழமை விருந்துக்கு ஒரே ஆள் போதும் என்று ஹோட்டல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கீபோர்டுக்காரர் போகலாம், இருபது வருடமாகக் கூடவே டிரம்ஸ் வாசிக்கும் அக்கா வீட்டுக்காரர் போக முடியாது. கீபோர்டோடு வந்த தாளங்களோ உப்புச்சப்பில்லாதவை. சொந்தமாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். அதற்கு வாசிக்க யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? அந்த மாமாவையேதான்.

(இங்கே மாமா கோபப்படுவதாக எழுதிப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார், மனுஷன்.)

3
கீபோர்டின் கட்டைகளிலேயே விரலால் டிரம்ஸ் தட்டிப் பதிவுசெய்தார் மாமா. திரும்பப் போட்டுக் கேட்டார்கள். தாளத்தின் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் படபடவென்று ஓர் உருட்டு. அது முடிந்து முதல் அடிக்கு வரும்போது மயிரிழைத் தாமதம்.

"இது யாரு, நானா?"

"நீங்கதான் மாமா."

"எப்பவுமே இப்படித்தானா?"

கீபோர்டுக்காரர் தன் இடது கையைப் பார்த்தார். இருபது வருடமாக அந்த அடிக்காக இடது கையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தவர் அவர். காத்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"ஏன்டா சொல்லல?" மாமாவின் முகம் விழுந்துவிட்டது. எழுதவே சங்கடமாக இருக்கிறது.

"சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல மாமா."

"சரி பண்ணு. அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும்ல?"

இருந்தது. அமுக்கினார். எல்லா அடிகளும் கோடு போட்டாற்போல் நேராகிவிட்டன.

4
அந்தத் தாளத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். கீபோர்டுப் பெட்டி உருட்டியது, முதல் அடிக்கு டாணென்று வந்து நின்றது. கீபோர்டுக்காரரின் இடது கை மட்டும் இன்னும் அந்தரத்தில்.

மாமா சிரிக்கவில்லை.

"இப்ப நீதான் லேட்டு, மாப்ள."

5
முடிவு (அ): ஹோட்டல்காரர்கள் மனம் மாறி இருவரையும்—

இல்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

முடிவு (ஆ): கீபோர்டின் திரை கேட்கிறது, பழைய பதிவின்மேல் இதைச் சேமிக்கவா என்று. ஆம் என்றால் மாமாவின் தாமதம் போயே போச்சு. இல்லை என்றால் அந்தத் தாமதம் சனிக்கிழமை மேடையேறும்; அவர் அதை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

இதற்குமேல் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்களே அமுக்குங்கள். ஒன்று மட்டும்: உங்கள் விரலையே பார்த்தபடி மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.