ஐம்பதாவது ஆள்

நான் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய் தவறியதுதான். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அதுதான் பாவம்.

என் பெயர் வியாகுலம்மாள். ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டோரம் இருபத்தாறு வருஷமாக மீன் விற்கிறேன். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு அது. லாரி கிளப்புகிற புழுதி வஞ்சிரத்தின் மேல் படியும், தண்ணீர் தெளிப்போம், மறுபடியும் படியும். நிழல் என்று சொன்னால் தலைமேல் இழுத்துப் போட்ட முந்தானைதான். நாங்கள் முப்பது பொம்பளைகள். போன கோடைக்கு முந்தின கோடையில் ஒருத்தி வெயிலில் சுருண்டு விழுந்தாள், எழுந்திருக்கவேயில்லை.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. தெருவாரியாகத் தொழில் வளர்ச்சிக்கு அரசாங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது, எதற்குச் செலவு செய்வது என்று தெரு ஜனங்களே கூட்டம் கூடித் தீர்மானிக்கலாம். எங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவா வேண்டும்? கூரை போட்ட மீன் கடை, சிமெண்ட் மேடை, குழாய். ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் தெரு வாக்காளர்கள் ஐம்பது பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் தீர்மானம் செல்லாது, நிதி வேறு தெருவுக்குப் போய்விடும்.

ஐம்பது பேர் என்ன பிரமாதம் என்பீர்கள். கூட்டம் வைத்தது மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரம். ஆம்பளைகள் எல்லாம் கடலில். பொம்பளைகளில் பாதிப் பேர் மீன் ஏலத்தில். மிச்சம் இருந்ததுகள், "இன்னாத்த குடுத்துடப் போறாங்க, போட்டோ எடுத்துகினு பூடுவாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டன. நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். கெஞ்சலுக்கு மசியாதவர்களைத் திட்டி இழுத்துவந்தேன்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவன் திரும்பாமல், உடம்பும் கரைக்கு வராமல் போனால், அவன் பெயரை நாங்கள் அடிப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தெருச் சங்கத்தில் எல்லார் பெயரையும் வாசிக்கும்போது அவன் பெயரையும் வாசிப்பார்கள். வீட்டார் யாராவது "கீறாரு", அதாவது இருக்கிறார், என்று பதில் சொல்ல வேண்டும். என்றைக்கு அந்த வீட்டார் வாயால் "இல்ல" என்று சொல்கிறார்களோ, அன்றைக்குத்தான் அவன் சட்டையை ஒரு பெட்டியில் வைத்து, சாமியாரைக் கூப்பிட்டுக் கல்லறையில் அடக்கம் பண்ணுவோம். அதுவரைக்கும் அவன் இருக்கிறவன்தான்.

என் தம்பி பென்னி போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. போட்டில் இன்ஜின் பார்க்கப் போனவன். படகு கவிழ்ந்து மூன்று பேர் உடம்பு கிடைத்தது, இவனுடையது கிடைக்கவில்லை. ஆறு வருஷமும் சங்கத்தில் "பென்னி" என்று கூப்பிட்டால் நான்தான் "கீறான்" என்பேன். அவன் பெண்டாட்டி ஜூடி அந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். அதிகாரியாக வந்தவர் சாபிரா மேடம். நல்ல மாதிரி, நாங்கள் மீன் வாடையோடு பக்கத்தில் போனால் மூக்கைச் சுளிக்காத மனுஷி. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். இருக்கிறவர்கள் குரல் கொடுத்தார்கள், அவர் டிக் போட்டார். நான் ஹாலில் இருக்கிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பென்னி, தகப்பனார் அந்தோணி."

"கீறான்" என்றேன்.

சத்தியமாகத் தானாக வந்தது. ஆறு வருஷப் பழக்கம். மேடம் நிமிரக்கூட இல்லை, டிக் போட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கடைசிப் பெயர் முடிந்ததும் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐம்பது! சரியா ஐம்பதும்மா!"

எல்லாரும் கை தட்டினார்கள். என் கணக்கில் நாற்பத்தொன்பது தலைதான். தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஹெப்சிபா, என்னோடு மீன் விற்கிறவள், என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மூச்சு விடாதே என்று அர்த்தம். அன்றைக்கு வேலைக்குப் போயிருந்த ஜூடியிடம் அதற்கப்புறமும் யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு கையெழுத்துத் தாள் சுற்றிவந்தது. என் பெயருக்கு நேரே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். பென்னி பெயருக்கு நேரே காலியாக இருந்தது. மை டப்பா பக்கத்திலேயே இருந்தது. என் இடது கட்டைவிரலை அழுத்தி, அந்தக் கட்டத்தில் வைத்தேன்.

பின்னால் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது. திரும்பினேன். பின்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரும் இடம் முழுக்க ஈரம், காலடியில் தண்ணீர் தேங்கி நின்றது. வெளியே சுள்ளென்று வெயில். குழந்தை யாராவது பாட்டிலைக் கவிழ்த்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் கடை வந்துவிட்டது. தகரக் கூரை, வரிசையாக மேடை, ஆளுக்கொரு குழாய். முதல் நாள் அந்த நிழலில் உட்கார்ந்தபோது ஹெப்சிபா அழுதாள். எனக்கும் அழுகைதான். வீட்டுக்கொரு மேடை என்று பிரித்ததில் கடைசி மேடை பென்னி வீட்டுக்கு. ஜூடி தண்டையார்பேட்டையில் துணிக் கம்பெனிக்குப் போகிறவள், மீன் விற்க வரமாட்டாள். அது காலியாகவே கிடந்தது.

இரண்டாவது வாரம், மண்ணடியிலிருந்து வரும் பக்ருதீன் பாய் என்னிடம் வந்து நின்றார். தெருவுக்குப் புதிது, யாரையும் தெரியாது.

"ஷீலா மீன் என்ன விலைம்மா? அந்தக் கடைசியில இருக்கவர்ட்ட கேட்டேன். அக்காவைக் கேளுங்கன்னு உங்களைக் காட்டினார்."

"எந்தக் கடைசி பாய்?"

"அங்கதான்... இப்ப காணோம். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. கையில இந்த இடத்துல ஒரு தீக்காயம்."

பென்னிக்கு இன்ஜின் சைலன்சர் குழாயில் பட்ட காயம் அது. நான்தான் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டேன். எழுந்து போய்ப் பார்த்தேன். கடைசி மேடைக் குழாய் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேடைமேல் உட்கார்ந்த இடம் மாதிரி ஈரம். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். எல்லாரும் வெளியாட்கள். சிரித்த முகம் என்றார்கள். என் கண்ணுக்கு மட்டும் அவன் படவேயில்லை. பயந்தேனா? பயந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதைச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு அழுகிவிடும். தினம் பதினோரு மணிக்கு இரண்டு டீ வாங்குவேன். ஒன்றைக் கடைசி மேடையில் வைப்பேன். திரும்பிப் பார்த்தால் கிளாஸ் காலியாக இருக்கும்.

"ஐய, காக்கா குடிச்சிருக்கும்" என்பாள் ஹெப்சிபா.

"குடிக்கட்டும். உன் வூட்டு டீயா?" என்பேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே பென்னி போய் ஏழு வருஷம் முடிந்தது. ஏழு வருஷம் காணாமல் போனவனை இறந்தவனாக எடுத்துக்கொள்ளச் சட்டம் உண்டு. ஜூடி இருந்த பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். புது வீடு பென்னி பெயரில். அவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஜூடி என் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, நான் மனு எழுதிக் குடுத்துட்டேன். அவரு இல்லன்னு. எனக்கு வேற வழி தெரியல."

அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்காவது கைநாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், கடைக்குள் ஜூடி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. தலையில் மல்லிகைப்பூ. ஏழு வருஷமாக அந்தத் தலையில் நான் பூ பார்த்ததில்லை.

"அக்கா! அவரு கீறாருக்கா! உயிரோட கீறாரு!"

கையில் ஒரு தாள். மனு விசாரணையில் அலுவலகம் கொடுத்தது. நான் வாங்கிப் பார்க்கவேயில்லை, பார்க்காமலே தெரிந்தது. போன வருஷக் கூட்டத்தில் பென்னி நேரில் கலந்துகொண்டு கைநாட்டு வைத்திருக்கிறான், அதனால் இறந்ததாகக் கருத முடியாது, மனுவின்மேல் மாதக் கடைசிக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும்.

"நாலு நாளா தேடிகினு கீறேன்க்கா. ஆர்பர் முச்சூடும் கேட்டுட்டேன். ஆஸ்பத்திரில கேட்டேன். கூட்டத்துக்கு வந்தவரு, பள்ளிக்கூடத்துலேந்து ரெண்டு தெரு தள்ளி கீற வூட்டுக்கு வரலியே, எம்மேல அப்டி இன்னாக்கா கோவம் அவருக்கு? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அந்தக் கேள்வி என்னைக் கொன்றுபோட்டது. நான் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"இதுதான் ஜூடி. என் வெரலு இது. நான் வெச்சது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் தலையிலிருந்த பூவை மெதுவாகப் பிய்த்து எடுத்தாள். நடந்துபோய்க் கடைசி மேடையில் வைத்தாள்.

"ஒரு வாட்டி பூட்டாருன்னு அழுது முடிச்சேன்க்கா. இப்போ ரெண்டாவது வாட்டி அழ வெக்கிறியே. உனக்கு இந்தக் கூரைதான் பெர்சா பூட்டுதா?"

நான் சாபிரா மேடத்தைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களை நம்பித்தான்மா டிக் போட்டேன்" என்றார். பிறகு சொன்னார்: "தனியா எங்கிட்ட சொன்னா போதாது. கூட்டம் கூட்டி, அதே பட்டியலை வாசிக்கணும். அவர் பேர் வரும்போது எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். அந்தத் தீர்மானம் அதோட ரத்து. திரும்ப ஓட்டுக்கு விடுவோம். ஜனங்க வரலைன்னா கடையைப் பூட்டச் சொல்லிடுவாங்க."

கடையில் ஹெப்சிபா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இன்னா பைத்தியமா? வாய மூடிகினு குந்து. முப்பது வூட்டு அடுப்புல தண்ணி ஊத்தாத."

"அவ வூடு பூடும்டி."

"அதுக்கு நாங்க வெயில்ல சாவணுமா?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் பேஜாராக இருந்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடையும் இல்லை, வீடும் இல்லை. "இல்ல" என்று சொன்னால் அவன் போய்விடுவான். அந்த ஈரம், அந்த டீ, அந்தச் சிரித்த முகம் எல்லாம் போய்விடும். தூக்கி வளர்த்த தம்பி. அவனை என் வாயாலேயே வெளியே தள்ள வேண்டும்.

கூட்டத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. கூரை போய்விடும் என்றதும் முன்பு கதவைச் சாத்தியவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஜூடி எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மேடம் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் குரல் வந்தது.

"பென்னி, தகப்பனார் அந்தோணி."

நான் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். அப்போது, எனக்குப் பின்னால், காதுக்கு ஒரு ஜாண் தூரத்தில், போட்டிலிருந்து கரையைப் பார்த்துக் கூப்பிடுவானே, அதே கரகரத்த குரலில்,

"கீறேன்க்கா" என்றான்.

டீசல் வாடையும் உப்பு வாடையும் அடித்தது. என் முதுகில் ஈரம் பட்டது. திரும்பினால் பார்த்துவிடுவேன். பார்த்துவிட்டால் சொல்ல மாட்டேன்.

"இல்ல" என்றேன்.

"சத்தமா சொல்லுங்கம்மா."

"அக்கா, கீறேன்க்கா."

"இல்ல!"

"பதிவு பண்ணணும்மா. முழுசா சொல்லுங்க."

"என் தம்பி பென்னி இல்ல. கடல்ல பூட்டான். அன்னிக்கி வந்தது அவன் இல்ல. அது என் கைநாட்டு."

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. மேடம் கோடு கிழிக்கிற பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. ஜூடி முகத்தை மூடிக்கொண்டாள்.

நூற்று நாற்பது பேர் கை தூக்கினார்கள், கடை நின்றது. என்னை மீன் கடைக் கமிட்டியிலிருந்து நீக்கினார்கள், என் மேடையும் போயிற்று, விசாரணை இன்னும் நடக்கிறது. ஜூடிக்கு வீடு கிடைத்தது. பச்சைக் கட்டம் போட்ட லுங்கியையும் ஒரு சட்டையையும் பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணினோம். ஜூடி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நான் இப்போது பழையபடி ரோட்டோரம், கடைக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து கடைசி மேடை நன்றாகத் தெரியும். இன்றைக்கும் இரண்டு டீதான் வாங்குகிறேன். ஒன்று ஆறி, ஏடு கட்டி, அப்படியே கிடக்கிறது. காக்காகூடத் தொடுவதில்லை. கடையிலிருந்து பையோடு வெளியே வருகிறவர்கள் ஒருத்தரையும் நான் விடுவதில்லை. நேற்று பக்ருதீன் பாயை நிறுத்திக் கேட்டேன்.

"பாய், அந்தக் கடைசி மேடைல யார்னா கீறாங்களா, பாத்தீங்களா?"

அவர் திரும்பி, நெற்றியில் கையை வைத்து, நல்லவர், எனக்காக நிதானமாகப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.