சத்தமில்லாத இடம்

வண்டியிலேயே தங்கும் இரண்டாவது முகாமிடத்திலும் கூட்டம் வழிந்தது. வாடகைக்கு எடுத்த கேரவன் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் கைகளை மடித்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார் லிஃப்ட் மெக்கானிக். மரங்களுக்கு நடுவே நாற்பது வண்டிகளாவது நிற்கும். ஒருவர் தன் வண்டிக் கூரையில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். பிள்ளைகள் தகரத் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு ஜெனரேட்டர் உறுமியது.

"இங்கயே இருந்துடலாமே," என்றாள் மனைவி.

"இந்தச் சந்தைக்கடையிலயா? ரெண்டு நாள் லீவு போட்டது இதுக்கா? நீ சும்மா வா, நான் பார்த்துக்கறேன்."

அவள் சும்மாதான் வந்தாள். கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு, வண்டி திரும்பி முடிக்கும்வரை அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்பானம் நிரப்பும் தொழிற்சாலையில் பாட்டில்கள் ஓடும் வரிசைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். மூன்று மாதத்துக்கு முன்னால் திடீரென்று வேலையை விட்டாள். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே அவள் அவளாக இல்லை. தூக்கம் கிடையாது. ஏதாவது கேட்டால் எரிந்து விழுவாள், கேட்காவிட்டால் பேச்சே இருக்காது. மேல்வீட்டில் தரையை உடைத்துப் புதிதாகக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிரில் சத்தம்தான் அவளைப் படுத்துகிறது என்று அவர் முடிவுகட்டினார். மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அவள் போட்டுவிட்டுப் போகும் டிவியை ஓடி ஓடி அணைத்தார். படுக்கையறையில் கடகடவென்று சுற்றிய பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, மூச்சுக்கூட விடாத புது ஃபேன் ஒன்றை மாட்டினார். வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் புலம்பியபோது, "அம்மாவ எங்கயாச்சும் அமைதியான இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா," என்றாள். அந்த யோசனை அவருக்கு நெஞ்சில் பசைபோல ஒட்டிக்கொண்டது.

பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று அடித்தவர்தான் வழி சொன்னார். "பழைய கல்குவாரி ஒண்ணு இருக்குங்க, மேட்டுக்கு மேல. குழி நிறைய தண்ணி. போன் எடுக்காது, ஈ காக்கா இருக்காது. உங்களுக்கு அது சரிவருமா?"

"அதத்தான் காலையிலேர்ந்து தேடிட்டிருக்கோம்," என்றார் மெக்கானிக்.

மண்பாதையில் வண்டி ஆடிய ஆட்டத்தில் சமையல் அலமாரிக் கதவுகள் திறந்து திறந்து அடித்துக்கொண்டன. மேட்டின் உச்சியில் பாதை முடிந்தது. கீழே, செதுக்கிவிட்ட பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. காற்றுகூட இல்லை. அவர் இஞ்சினை அணைத்தார்.

"கேளு," என்றார் பெருமையாக. "ஒரு சத்தம் இருக்கா பாரு."

இறங்கி மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டார். அவள் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தபோது, தொட்டிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அதன் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

"என்ன பண்ற? டேங்க்ல இருக்கறதே கொஞ்சம் தண்ணி." கையை நீட்டிக் குழாயை மூடினார்.

அவள் திறந்தாள். அவர் மறுபடி மூடினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்."

"உனக்காக நாயா அலைஞ்சு இந்த இடத்தக் கண்டுபிடிச்சிருக்கேன். உனக்கு என்னதான் வேணும்?"

"காதுக்குள்ள விசில் அடிக்குது," என்றாள். "எட்டு மாசமா. நிக்கவே இல்ல. சுத்தி ஏதாவது சத்தம் இருந்தா அமுங்கிக் கிடக்கும். இங்க..." அவள் தலையை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். "இங்க அது மட்டும்தான் இருக்கு."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். ஓடும் மோட்டாரைக் கேட்டே எந்தப் பல்சக்கரத்தில் தேய்மானம் என்று சொல்லிவிடுகிறவர். பக்கத்தில் படுத்திருப்பவளின் காதுக்குள் ஓடியது அவருக்கு எட்டவில்லை. அந்தப் பழைய ஃபேன் நினைவுக்கு வந்தது. கழற்றிய அன்று அவள் அவர் ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அது பாட்டுக்கு ஓடட்டுமே," என்று இரண்டு முறை சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்ட?"

"தனியாப் போய்ட்டு வந்தேன். பாட்டில் லைன் சத்தத்துல காது நரம்பு அடிபட்டுப்போச்சாம். பழகிக்கோங்கன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சரிபண்ண இறங்கிடுவீங்க. சரிபண்ண முடியலன்னா உங்களுக்குக் கோவம் வரும். அந்தக் கோவத்தையும் நான்தான் பார்க்கணும்."

அவர் குழாயைத் தானே திறந்துவிட்டார். தண்ணீர் மெலிந்து, இருமி, நின்றது.

"கிளம்பலாம்," என்றார். "சத்தமா இருக்கற இடமாப் பார்த்துப் போவோம்."

அவர் நாற்காலிகளை மடக்கி உள்ளே வைத்தபோது பாறைக்குப் பின்னாலிருந்து மழை வந்தது. எச்சரிக்கையெல்லாம் இல்லை. பிற்பகல் வெளிச்சம் அப்படியே மங்கி, வண்டியின் தகரக் கூரையில் சரளையைக் கொட்டியதுபோல் இறங்கியது. அவர் ஏதோ சொன்னார், அவருக்கே கேட்கவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்தாள். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. ஐந்து நிமிடத்தில் வாய் லேசாகத் திறந்துகொள்ள, தூங்கிப்போனாள். அப்படித் தூங்கி அவர் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஓட்டுநர் இருக்கையில் போய் மெதுவாக உட்கார்ந்தார். சாவி கையில் இருந்தது. கிளப்பினால் வண்டி குலுங்கும், அவள் எழுந்துவிடுவாள்.

முக்கால் மணி நேரம் போல் அடித்துவிட்டு மழை தளர்ந்தது. தண்ணீரின் மேல் வட்டங்கள் குறைந்தன. கூரையில் இப்போது சொட்டுகளைத் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தார். ஒன்று விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காகக் காத்திருந்தார். பின்னால் கட்டிலில் போர்வை அசைந்தது.